பொத்திப் பொத்திக் கொன்ற கேம்ஷாஃப்ட்

என் மேசையில் ஒரு சின்ன இரும்பு டம்ளர் இருக்கிறது. கட்டைவிரல் பருமன்தான். அதில் குண்டூசி போட்டு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, கவிழ்த்தால் ஒரு கணம் யோசிப்பார்கள். அடிப்பக்கம் பணியாரக் குழி மாதிரி குழிந்திருக்கும். குழியின் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் சுரண்டும்.

அது அப்பாவின் 1982 மார்க் 4 அம்பாசடர் எஞ்சினின் எட்டாவது டேப்பட், வால்வைத் தூக்கிவிடும் வரிசையில் ஒரு துண்டு. அந்தக் குழி 1,200 கிலோமீட்டரில் விழுந்தது. விழ வைத்தவன் நான்.

அப்பா போன பிறகு வண்டி இரண்டு வருடம் கோவை சிங்காநல்லூர் வீட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. புகை கக்கிக்கொண்டிருந்த எஞ்சினை முழுசாகப் பிரித்து வேலை பார்க்கலாம் என்று முடிவெடுத்தேன். போரிங், புது பிஸ்டன், வால்வு வேலை, எல்லாம் ஆயிற்று. வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்றார்கள். கிரைண்டிங் போட்டு வாங்கி மாட்டினார்கள். டேப்பட்டுகள் நன்றாகத்தான் தெரிந்தன, பழையதையே போட்டுவிடலாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஆயில் மட்டும் நான் வாங்குகிறேன் என்று சொல்லி, கடையில் இருந்ததிலேயே விலை கூடிய முழு சிந்தெடிக் 5டபிள்யூ-30 வாங்கிக் கொடுத்தேன். நாலு லிட்டர் சொச்சம். அப்பாவின் வண்டி, கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்று ஒரு இது.

முதல் ஸ்டார்ட் நாளன்று எஞ்சின் சட்டென்று பிடிக்கவில்லை. பாயிண்ட்டைத் திருத்தி, டிஸ்ட்ரிபியூட்டரை இப்படியும் அப்படியும் திருப்பி, செல்ஃப் அடித்து அடித்து ஒருவழியாகப் பிடித்தது. பிடித்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை: "ரேஸ் குடுக்காதீங்க. புது எஞ்சின், மெதுவா ஓடட்டும்." அரைமணி நேரம் ஐடிலிங்கிலேயே ஓடியது. மெதுவாக, பூப்போல. நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் சின்னப் பையனாக இருந்தபோது புது வண்டிகளின் பின்கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். அப்பா புது ஸ்கூட்டர் வாங்கி ஆயிரம் கிலோமீட்டர் வரை நாற்பதைத் தாண்டவில்லை. புதுசு என்றால் பொத்தி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறிய பாடம். பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் அந்தப் பாடம் ஓரளவு சரிதான். கேம்ஷாஃப்ட்டுக்கு அதுவே எமன்.

மூன்று மாதம் கழித்து 'டிக் டிக்' சத்தம் வந்தது. ராக்கர் கவரைக் கழற்றி எட்டாவது வால்வின் இடைவெளியைப் பார்த்தால் 15 தௌ இருக்க வேண்டியது 25 இருந்தது (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சரிசெய்தோம். முந்நூறு கிலோமீட்டரில் மறுபடி சத்தம். மறுபடி ஸ்க்ரூவை இறக்கினோம். அப்புறம் கார்புரேட்டர் வழியாக 'புஸ்' 'புஸ்' என்று தும்ம ஆரம்பித்தது. எட்டாவது என்பது நாலாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு. அது முழுசாகத் திறக்காததால் எரிந்த புகை வெளியே போக வழியில்லாமல் இன்டேக் திறந்ததும் அந்தப் பக்கமாகவே திரும்பி வந்திருக்கிறது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது கார்புரேட்டரைத்தான் இரண்டு தடவை கழுவினோம்.

கடைசியில் வண்டி ஆவாரம்பாளையத்தில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது. லேத்துகளுக்கு நடுவே ஒரே ஒரு வண்டி நிற்கிற இடம். அங்கே இருந்த மேஸ்திரிக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். சத்தத்தைக் கேட்டதும் ஸ்பேனரை எடுக்கவில்லை. டயல் கேஜ் எடுத்து ஒவ்வொரு புஷ் ராடின் தலையிலும் வைத்து, எஞ்சினைக் கையால் சுற்றி, எவ்வளவு தூக்குகிறது என்று ஒரு சிகரெட் அட்டையில் எழுதினார். ஏழு எண்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல். எட்டாவது 60 தௌ குறைவு.

"தம்பி, முதல் நாள் ஐடிலிங்ல உட்டீங்களா?"

ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகக்கூட.

"அன்னைக்கே செத்துப்போச்சுங்க. இத்தனை நாளா பொணத்தைத்தான் ஓட்டிட்டிருந்தீங்க."

அம்பாசடரின் 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின் பிரிட்டிஷ் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் வம்சம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தது, கொல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் இருந்த அம்பாசடர் ஆலைக்கும் வந்தது. இதில் கேம்ஷாஃப்ட் தலையில் இல்லை, பிளாக்கின் இடுப்பில் இருக்கிறது. கேமின் முட்டை வடிவ லோப் சுற்றும்போது மேலே உட்கார்ந்திருக்கும் டேப்பட்டைத் தூக்கும். டேப்பட் புஷ் ராடை, புஷ் ராடு ராக்கரை, ராக்கர் வால்வை. நம் ஊரில் 'டேப்பட் டைட் வைக்கணும்' என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் தொடுவது ராக்கர் ஸ்க்ரூவை. நிஜமான டேப்பட்டைப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. அது பிளாக்கின் பக்கவாட்டில், மேனிஃபோல்டுக்குக் கீழே, இரண்டு தகரக் கவர்களுக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்திருக்கிறது.

இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் இந்த இடத்தில் ஒரு உருளை இருக்கும், உருண்டு போகும். நம் டேப்பட் தட்டையானது. லோப் அதன்மேல் உரசிக்கொண்டே போகும். அழுத்தம் ஒரு மெல்லிய கோட்டில், லோபின் மூக்கில், சதுர அங்குலத்துக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் விழும். பிரீமியர் பத்மினியிலும் கதை இதுதான்.

தட்டை என்று சொன்னேன், அது பொய். புது டேப்பட் இரண்டை முகத்தோடு முகம் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரியும். விரலால் தட்டினால் ஒன்றின்மேல் ஒன்று லேசாக ஆடும். முகம் துளியூண்டு மேடாகக் கடையப்பட்டிருக்கிறது. அதோடு டேப்பட் லோபுக்கு நேர் நடுவில் உட்காராமல் சற்றே விலகி உட்காரும். இந்த இரண்டும் சேர்ந்து, லோப் தூக்கும் ஒவ்வொரு முறையும் டேப்பட்டைக் கொஞ்சம் திருப்பிவிடும். மாவாட்டுகிற மாதிரி சுற்றிக்கொண்டே மேலும் கீழும் போவதால் தேய்மானம் முகம் முழுக்கப் பரவும். சுற்றுவது நின்றால் ஒரே கோட்டில் தேயும், மேடு போய் பள்ளமாகும். பள்ளமானது மறுபடி சுற்றாது. மேல்தோல் மட்டும்தான் கெட்டி, அது போய்விட்டால் உள்ளே இருக்கிற இரும்பு மளமளவென்று கரையும்.

என் பழைய டேப்பட்டுகள் இருபது வருடம் வேறொரு லோபோடு குடும்பம் நடத்தியவை. முகத்தின் மேடு ஏற்கெனவே போயிருந்தது. புதிதாகக் கிரைண்டிங் போட்ட லோபின்மேல் அவற்றை உட்கார வைத்தது முதல் தப்பு. பழைய கேமையே மாட்டுவதாக இருந்தால் ஒவ்வொரு டேப்பட்டும் அதனதன் பழைய துளைக்கே திரும்பப் போக வேண்டும். புது கேம் என்றால் எட்டும் புதுசு. இதில் பேரமே கிடையாது.

இரண்டாவது தப்பு ஆயில். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் தன்மானம் அடிபட்டது. விலை கூடியது, புது ஸ்பெக், எஸ்.என். என்றெல்லாம் பார்த்து வாங்கியதாயிற்றே.

கேமையும் டேப்பட்டையும் முதல் நாளில் காப்பாற்றுவது ஆயிலின் வழுவழுப்பு மட்டுமில்லை. ஆயிலில் கலந்திருக்கும் இசட்டிடிபி என்ற பொருள். துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் எல்லாம் அதில் இருக்கின்றன. பேச்சுவழக்கில் சுருக்கமாக 'ஜிங்க்'. 1940களில் இதை ஆயிலில் சேர்க்க ஆரம்பித்தது பேரிங் அரிக்காமலும் ஆயில் கெடாமலும் இருப்பதற்காக. தேய்மானத்தைத் தடுக்கும் குணம் பிற்பாடுதான் பிடிபட்டது. சூடும் அழுத்தமும் உரசலும் சேருகிற இடத்தில் மட்டும் அது சிதைந்து, இரும்பின்மேல் கண்ணாடி மாதிரி ஒரு படலமாகப் படியும். ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம்தான். இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் ஒட்டிப் பிய்ந்துகொள்ளாமல் நடுவில் நின்று அந்தப் படலம் தேயும், தேயத் தேய மறுபடி படியும்.

ஆனால் பாஸ்பரஸ் புகையோடு போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் மேல் படிந்து அதைச் செயலிழக்க வைக்கும். அதனால் ஆயில்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏபிஐயின் தரவரிசையில் பாஸ்பரஸ் அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 1990களின் நடுவில் வந்த எஸ்.ஜே.யில் 0.10 சதவீதம் உச்சவரம்பு. 2004-இல் வந்த எஸ்.எம்.மில் 0.08. அதற்குப் பிறகு வந்த எஸ்.என்.னிலும் அதே. இந்த வரம்பு 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களுக்குத்தான், 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயிலுக்குப் பொருந்தாது. உருளை வைத்த எஞ்சினுக்கு 0.08 தாராளம். தட்டை டேப்பட்டின் முதல் நாளுக்கு 0.12 பக்கத்திலாவது வேண்டும் என்பார்கள். இந்தியாவில் 1995-இல் நாலு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. என் வண்டி 1982. காப்பாற்ற அதில் கன்வெர்ட்டரே இல்லை. இல்லாத ஒன்றைக் காப்பாற்றுவதற்காகத் தயாரித்த ஆயிலைக் காசு கூடக் கொடுத்து வாங்கி, இருக்கிற கேமைத் தின்னக் கொடுத்திருக்கிறேன்.

மேஸ்திரியிடம் இந்த எண்ணெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இதுக்கு லாரி ஆயிலை ஊத்துங்கன்னுதான நாங்க அப்ப இருந்து சொல்றோம்" என்றார். அவர் சொன்னது 15டபிள்யூ-40 சி.ஐ.-4 டீசல் ஆயில். பழைய ஸ்பெக் டீசல் ஆயில்களில் ஜிங்க் கூடுதலாக இருப்பது உண்மைதான், அழுக்கைக் கரைக்கும் சரக்கும் கூட இருப்பதால் அது இரும்பின்மேல் இடம் பிடிக்க ஜிங்க்கோடு போட்டிபோடும் என்றும் ஒரு வாதம் உண்டு. பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். சாதாரண மினரல் 20டபிள்யூ-50, அதில் பிரேக்-இன், அதாவது புது எஞ்சினை முதலில் ஓட்டிப் பழக்குவதற்கென்றே விற்கும் ஜிங்க் பாட்டில் ஒன்று, குறிப்பிட்ட அளவு மட்டும். நான் இரண்டு பாட்டில் ஊற்றலாமே என்றேன். பட்ட பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள். அளவுக்கு மிஞ்சினால் அதே ஜிங்க் இரும்பை அரிக்கும். மினரல் ஆயில் ஏன் என்றால், புது ரிங்குகளும் சிலிண்டரும் முதலில் கொஞ்சம் உரசித்தான் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

கேம்ஷாஃப்ட் தேடி உக்கடத்தில் அலைந்தேன், கிடைக்கவில்லை. சென்னை புதுப்பேட்டையில், மாட்டாத பழைய ஸ்டாக் ஒன்று கிரீஸ் பேப்பரில் சுற்றியபடியே கிடைத்தது. கருகருவென்று மேலே பாஸ்பேட் பூச்சு. அந்தக் கருப்பு அழகுக்கு இல்லை, அதன் நுண்துளைகள் முதல் நாள் ஆயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எட்டு புது டேப்பட்டும் சேர்ந்தே வாங்கினேன். ரேடியேட்டர், டைமிங் கவர், டிஸ்ட்ரிபியூட்டர், சம்ப், ஆயில் பம்ப் எல்லாம் கழற்றித்தான் பழைய கேமை முன்பக்கமாக உருவ முடிந்தது. அந்த வேலையை விவரிக்க ஒன்றுமில்லை, முதுகு வலிதான்.

மாட்டும்போது நடந்தது மட்டும் சொல்கிறேன். மேஸ்திரி கரிச்சாந்து மாதிரி இருந்த மாலிப்டினம் பேஸ்ட்டை லோபிலும் டேப்பட்டின் முகத்திலும் விரலால் தேய்த்தார். நான் ஆர்வத்தில் டேப்பட்டின் உடம்பிலும் தடவப் போனேன், கையைத் தட்டிவிட்டார். பக்கவாட்டில் பேஸ்ட் போட்டால் துளைக்குள் இறுகிச் சுற்றாது, அங்கே வெறும் ஆயில்தான்.

எட்டையும் போட்டு, புஷ் ராடு, ராக்கர் எல்லாம் ஏற்றியபிறகு, "வீட்ல நெயில் பாலிஷ் இருக்குங்களா?" என்று கேட்டார். மகளிடமிருந்து ஒரு சிவப்பு வாங்கிக்கொண்டு போனேன். ஒவ்வொரு புஷ் ராடின் தலையிலும், ராக்கர் ஸ்க்ரூவுக்குக் கீழே, ஓரமாக ஒரு பொட்டு. எட்டும் வாசலைப் பார்த்தபடி. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு அவர் மெதுவாகச் சுற்ற, நான் டார்ச் அடித்தேன். டேப்பட் திரும்பினால் அதோடு புஷ் ராடும் திரும்பும். நாலைந்து சுற்றில் பொட்டுகள் ஒவ்வொன்றாக வாசலை விட்டுத் திரும்ப ஆரம்பித்தன. மூன்றாவது மட்டும் அசையவில்லை. இன்னும் நாலு சுற்று. மற்றவை சுவரைப் பார்க்கின்றன, மூன்றாவது வாசலையே முறைத்துக்கொண்டு நிற்கிறது.

"இதை இப்படியே ஸ்டார்ட் பண்ணியிருந்தா இன்னொரு பொணம்."

சைடு கவரைத் திறந்து அந்த டேப்பட்டை வெளியே எடுத்தார். துளையின் வாயில் ஒரு பிசிறு. பழைய கேமை உருவும்போது பட்டதாக இருக்கலாம். குச்சியில் எண்ணூறாம் நம்பர் எமரி பேப்பரைச் சுற்றி, தூள் உள்ளே விழாமல் கீழே துணி வைத்து, ஒரு நிமிடம் தேய்த்தார். மண்ணெண்ணெயில் துடைத்து மறுபடி போட்டதும் டேப்பட் தன் எடையிலேயே வழுக்கி இறங்கியது. பொட்டு திரும்பியது. இரண்டு மணி நேர வேலை, எல்லாம் அந்தச் சிவப்புப் பொட்டால்.

ஸ்டார்ட் செய்வதை ஞாயிறு காலை வீட்டில் வைத்துக்கொண்டோம். இந்த முறை செல்ஃப் அடித்து அடித்துப் பிடிக்க வைப்பது என்பதே இல்லை. ஒவ்வொரு சுற்றும் லோபில் தடவிய பேஸ்ட்டை வழித்துக்கொண்டு போகும். பாயிண்ட்டில் பல்பு கட்டி டைமிங் முன்கூட்டியே வைத்தாயிற்று. கார்புரேட்டர் நிறைய பெட்ரோல். ரேடியேட்டர் நிறைய தண்ணீர், முன்னால் ஹாலிலிருந்து கொண்டுவந்த பெடஸ்டல் ஃபேன், ஏனென்றால் வண்டி நின்றபடியே இருபது நிமிடம் கத்தப் போகிறது. ஆயில் கேஜ் பைப்பைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஆயில் கேனால் நிதானமாக ஆயிலை உள்ளே ஏற்றினார், பம்ப் காய்ந்து கிடக்கக் கூடாது என்று.

இரண்டே சுற்றில் பிடித்தது. பிடித்த அதே நொடி ஆக்ஸிலரேட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் டாகோ மீட்டர் அம்பாசடரில் கிடையாது, பாயிண்ட்டில் மாட்டுகிற ஒரு மீட்டர் இரவல் வாங்கி வைத்திருந்தேன். 2,000. அங்கிருந்து 2,500 வரை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும், 2,000-க்குக் கீழே விடக் கூடாது. காரணம் எளிது. பிளாக்கின் இடுப்பில் இருக்கும் லோபுகளுக்கென்று தனி ஆயில் குழாய் இல்லை. கிராங்க்ஷாஃப்ட் சுற்றி வாரி அடிக்கிற ஆயில்தான் அவற்றுக்குக் குளியல். ஐடிலிங்கில் அது தூறல், 2,000-இல் மழை. இன்னொன்று: வேகமாகச் சுற்றும்போது மேலே போன வால்வும் புஷ் ராடும் அந்த வேகத்திலேயே இன்னும் போகப் பார்க்கும். ஸ்பிரிங்கின் பலத்தில் ஒரு பகுதி அவற்றைத் திருப்பிக் கொண்டுவரவே செலவாகிவிடும், லோபின் மூக்கில் விழும் பாரம் குறையும். மெதுவாகச் சுற்றினால் ஸ்பிரிங்கின் முழுப் பாரமும் மூக்கில்தான். நான் டீ குடித்துக்கொண்டே ரசித்த அந்த அரைமணி நேரம் அப்படிப்பட்டது.

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் தடவை, இருபது நிமிடத்தில் ஒவ்வொரு லோபும் இருபதாயிரம் தடவைக்கு மேல் தூக்கியிருக்கும். கவரைப் போடாமலே முதல் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்தேன். பொட்டுகள் எட்டும் சிவப்பு வளையங்களாகச் சுழன்றன. சட்டையெல்லாம் ஆயில். எதிர்வீட்டுப் பாட்டி கேட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏங்கண்ணு, இன்னிக்கு அதுக்கு என்ன கோவம்?" என்றார். ஒன்பதாவது நிமிடத்தில் வெப்பமானி ஏற ஆரம்பித்தது. மேஸ்திரி ஃபேனை இன்னும் ஒட்டித் தள்ளினார், நின்றது. சத்தத்தைக் குறைத்தால்தான் என்ன என்று என் கால் ஒவ்வொரு நிமிடமும் கேட்டுக்கொண்டிருந்தது.

இருபது முடிந்ததும் அணைத்து, சூடாகவே ஆயிலை இறக்கினோம். பேஸ்ட் கலந்ததால் சாம்பல் கருப்பு. அதில் காந்தத்தை விட்டு எடுத்தால் மெல்லிய சாந்து ஒட்டியது, அது பரவாயில்லையாம். மினுக்கும் செதில்தான் இருக்கக் கூடாது. ஃபில்டர் எலிமென்ட்டை வெட்டி, மடிப்புகளை நியூஸ்பேப்பரில் விரித்து வெயிலில் காட்டினார். மினுக்கம் எதுவுமில்லை. புது ஃபில்டர், மறுபடி அதே ஆயில், அதே ஒரு பாட்டில்.

போன வாரம் 800 கிலோமீட்டர் ஆயிற்று. ஆயில் மாற்றிவிட்டு இடைவெளி பார்த்தேன், இந்த முறை நானே. நாலு சிலிண்டர் எட்டு வால்வுக்கு ஒன்பது கணக்கு என்று ஒன்று உண்டு: எட்டாவது முழுசாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைப் பார்க்க வேண்டும், ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவது, கூட்டினால் ஒன்பது. ஃபீலர் கேஜில் 15 தௌ இதழை விட்டு இழுத்தேன். ஒன்று, மூன்று, ஐந்து, எல்லாவற்றிலும் வெண்ணெயில் கத்தி விட்ட மாதிரி ஒரே இழுப்பு. எட்டாவதை மூன்று தடவை பார்த்தேன். 15தான்.

பின்பக்க சைடு கவர் மட்டும் கசிகிறது. மூன்றாவது டேப்பட்டுக்காகத் திறந்தபோது முன்பக்கத்துக்குப் புது கார்க் பேக்கிங் போட்டார்கள், இதில் பழையதையே ஒட்டிவிட்டார்கள். இந்த ஞாயிறு உக்கடம் போக வேண்டும்.